சாய்ந்து நின்ற ஒளிச்சுவர்: ஒரு முற்றமும் எட்டுப் புரொஃபைல் விளக்குகளும்

அந்த நாடகத்தில் சுவர்தான் கதை. பாகம் பிரித்துக்கொண்ட அண்ணனும் தம்பியும் முற்றத்தின் நடுவே ஒரு சுவரை எழுப்புகிறார்கள். தாய் எந்தப் பக்கம் இருப்பது என்று தெரியாமல் நிற்கிறாள். ஆனால் மேடையில் செங்கல், தட்டி, துணி எதுவும் வரக்கூடாது, வெளிச்சமே சுவராக நிற்க வேண்டும் என்று இயக்குநர் முதல் வாசிப்பிலேயே சொல்லிவிட்டார். பார்வையாளருக்கு இடப்பக்கம் அண்ணன் பாகம், வலப்பக்கம் தம்பி பாகம், மேடையின் முன்விளிம்பிலிருந்து பின்திரை வரை நடுவில் ஒரு நேர்க்கோடு. ஒரு பாகத்தில் விளக்கு எரியும்போது மறுபாகம் இருளில் கிடக்க வேண்டும்.

ஒளியமைப்பாளனான நான் சம்மதித்துவிட்டேன். கல்கத்தாவில் நாடக ஒளிக்கலைஞர் தாபஸ் சென் 1959இல் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் ஏறுவதையே ஒளியால் காட்டியிருக்கிறார். ஒரு முற்றத்துச் சுவர் நம்மால் ஆகாதா என்ற அசட்டுத் துணிச்சல். முதல் காட்சியில், அதாவது முதல் மேடையேற்றத்தில், அந்தச் சுவர் சரிந்தது. ஏன் சரிந்தது, அடுத்த மாதம் அதே அரங்கில் எப்படி நிமிர்த்தினோம் என்பதை எழுதி வைக்கிறேன்.

அரங்கம் சென்னையில் நடுத்தர அளவிலானது. மேடையின் அகலம் 8 மீட்டர், ஆழம் 6 மீட்டர். முன்விளிம்பிலிருந்து 4 மீட்டர் தள்ளி, பார்வையாளர் தலைக்கு மேல், மேடைத் தரையிலிருந்து 6 மீட்டர் உயரத்தில் ஓர் இரும்புக் குழாய். மேடைக்கு மேலே இன்னும் மூன்று குழாய்கள். ஒளியின் ஓரத்தைக் கூர்மையாக வெட்டக்கூடிய எட்டுப் புரொஃபைல் விளக்குகள், ஓரம் மங்கலாகப் படரும் ஃப்ரெனல் விளக்குகள் கொஞ்சம், பொதுவெளிச்சத்துக்குப் பார் 64 விளக்குகள். வாடகை ஒரு நாளுக்கு மட்டும். காலை ஒன்பதுக்குள் ஏணி ஏறினால்தான் மாலை ஆறரைக்குத் திரை விலகும்.

முதல்முறை நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ் 1932இல் எழுதிவைத்த முறை: நடிகர் நிற்கும் இடத்துக்கு முன்னாலிருந்து இரண்டு விளக்குகள், ஒன்று இடமிருந்து, மற்றொன்று வலமிருந்து. முகத்தின் இரு பக்கங்களும் வெவ்வேறு அளவில் ஒளி வாங்கும்போது மூக்கு மூக்காகவும் தாடை தாடையாகவும் தெரியும். அண்ணன் பாகத்துக்கு அப்படி இரண்டு, தம்பி பாகத்துக்கு இரண்டு. முன்குழாயில் மையத்திலிருந்து 3 மீட்டர் இடது பக்கம் ஒரு ஜோடி, 3 மீட்டர் வலது பக்கம் ஒரு ஜோடி. தரையில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு கிழித்து, ஒளியின் ஓரத்தை மறிக்கும் ஷட்டர் தகடுகளைத் தள்ளி, நான்கு விளக்குகளின் ஒளியையும் அந்தக் கோட்டுக்கு வெட்டினோம். தரையில் வெளிச்சம் கத்தியால் அரிந்த அல்வா போல நின்றது. எனக்கே பெருமையாக இருந்தது.

மாலையில் நடிகர்கள் வந்து அந்தத் தரையில் நின்றார்கள்.

அண்ணன் பாகம் மட்டும் எரிய வேண்டிய காட்சி. தம்பி இருளில், கோட்டிலிருந்து ஒன்றரை முழம் தள்ளி, காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டு நிற்கிறான். அவன் கால் தெரியவில்லை, இடுப்பு தெரியவில்லை. தலை மட்டும் வெளிச்சத்தில் மிதந்தது. போதாக்குறைக்கு அந்தத் தலையின் நிழல் அண்ணனுடைய முற்றத்தில் விழுந்தது. கோட்டருகே வந்த அண்ணனுக்கு வேறு சிக்கல். காலில் முழு வெளிச்சம், முகத்தில் பாதி செத்துப்போயிருந்தது. நாடகம் முடிந்து வெளியே வரும்போது முன்வரிசைப் பெரியவர் ஒருவர், “சுவர் எழுப்பியும் தம்பி எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறானே, அதில் ஏதாவது உட்பொருள் உண்டா?” என்று கேட்டார். இயக்குநர் என்னைப் பார்த்தார்.

காரணம் தேடியதில் ஒரு வாரம் வீணானது. முதலில் நடிகர்களைக் குறை சொன்னேன். குறித்த இடத்தில் நிற்கவில்லை என்றேன். காணொளிப் பதிவைப் பார்த்தால் இருவரும் அங்குலம் பிசகாமல் நின்றிருந்தார்கள். அடுத்து தரையைச் சந்தேகித்தேன். அது மெருகேற்றிய மரத்தரை. விழுந்த ஒளியில் ஒரு பங்கைத் திருப்பி எறிந்துகொண்டேயிருக்கும், அப்படித் தெறிக்கும் ஒளியை எந்த ஷட்டரும் தடுக்காது. இந்தக் குறையும் இருந்தது உண்மைதான். ஆனால் தெறித்த ஒளி கீழிருந்து மேலே மங்கலாகப் படரும். தம்பியின் தலையில் விழுந்ததோ நெற்றியையும் கன்னத்தையும் பளிச்சென்று காட்டிய நேரடி ஒளி. அதற்கு நிழல் வேறு இருந்தது.

விடை ஒரு நூல்கண்டில் கிடைத்தது. ஒத்திகை நடக்கும் கூடத்தில் ஏணியை நிறுத்தி, விளக்கு இருந்த இடத்துக்கு ஈடாக ஓர் ஆணியில் நூலைக் கட்டி, மறுமுனையைத் தரைக்கோட்டில் ஒட்டினோம். கூடத்தின் உயரம் குறைவு என்பதால் எல்லா அளவையும் பாதியாக்கிக்கொண்டோம். கோட்டின் வேறு வேறு புள்ளிகளுக்கு ஐந்தாறு நூல்களை இழுத்ததும் அந்தரத்தில் ஒரு சாய்ந்த பந்தல் உருவானது. என் உதவியாளன் அதன் கீழே குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டு, “அண்ணா, இது சுவர் இல்லை, கூரை” என்றான்.

அதுதான் விஷயம். தரையில் நாம் பார்க்கும் கோடு ஒளியின் எல்லை அல்ல, அந்த எல்லையின் அடிவிளிம்பு மட்டும். உண்மையான எல்லை ஒரு தளம்; விளக்கில் தொடங்கித் தரைக்கோட்டில் முடிகிறது. விளக்கு கோட்டுக்கு நேர் மேலே இல்லாமல் பக்கவாட்டில் இருந்தால் அந்தத் தளம் விளக்கின் பக்கம் சாய்ந்துவிடும். 6 மீட்டர் உயரத்தில், 3 மீட்டர் பக்கவாட்டில் இருக்கும் விளக்குக்குக் கணக்குப் போட்டேன். முகம் இருக்கும் 1.6 மீட்டர் உயரத்தில் எல்லை எங்கே? 3 மீட்டரை 6ஆல் வகுத்து 1.6ஆல் பெருக்கினால் 0.8. தரைக்கோட்டிலிருந்து 80 சென்டிமீட்டர் விலகி நிற்கிறது.

அண்ணன் பாகத்துக்கு ஒளி தரும் விளக்கு அண்ணன் பக்கமே இருந்தால், கோட்டருகே 80 சென்டிமீட்டருக்குள் வரும் அண்ணனின் முகம் அந்த ஒளிக்கு வெளியே போய்விடும். காலுக்கு மட்டும் கிடைக்கும். அதே பாகத்துக்கான விளக்கு தம்பி பக்கம் இருந்தால், எல்லை தம்பி வீட்டுக்குள் 80 சென்டிமீட்டர் புகுந்து நிற்கும். தரையில் ஒரு பொட்டு ஒளியும் கசியாது, ஆனால் தலை மாட்டிக்கொள்ளும். முதல் காட்சியில் இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன. சொந்தப் பக்கத்து விளக்கு பட்டினி போடுகிறது, எதிர்ப் பக்கத்து விளக்கு வேலி தாண்டுகிறது என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தேன்.

எனக்கு இதற்கு முன்பே ஓர் எச்சரிக்கை கிடைத்திருந்தது, கவனிக்கவில்லை. அதைச் சொல்ல, விளக்கின் வயிற்றைக் கொஞ்சம் திறந்து காட்ட வேண்டும்.

புரொஃபைல் விளக்கின் உள்ளே இருப்பது நீள்வட்ட வடிவப் பிரதிபலிப்பான். நீள்வட்டத்துக்கு இரண்டு குவியங்கள். ஒன்றில் பல்பை வைத்தால், அதிலிருந்து பிரதிபலிப்பானில் பட்டுத் திரும்பும் ஒளியெல்லாம் மற்றொன்றை நோக்கிக் குவியும். அந்த இரண்டாம் குவியத்தை ஒட்டி, கேட் என்று நாங்கள் சொல்லும் ஒரு துவாரம். நான்கு ஷட்டர் தகடுகள், வட்டத்தைச் சுருக்கும் ஐரிஸ், உருவம் வெட்டிய கோபோ தகடு எல்லாம் அங்கேதான் நுழையும். அதற்கு முன்னால் இருக்கும் லென்ஸ், கேட்டில் என்ன வடிவம் இருக்கிறதோ அதை மேடையில் பிம்பமாக வீசுகிறது. ஃப்ரெனல் விளக்குக்கு முன்னால் மாட்டும் இரும்புக் கதவுகள் ஒளியை வெளியே நின்று மறிக்கின்றன, ஓரம் எப்போதும் பிசிறும். புரொஃபைலில் ஓரம் என்பதே ஒரு படம். அதனால்தான் அதைக் கூர்மையாக்க முடிகிறது. நியூயார்க்கின் செஞ்சுரி லைட்டிங் நிறுவனத்தில் ஜோசப் லெவியும் எட்வர்ட் கூக்கும் 1933இல் இந்த வகை விளக்கைக் கொண்டுவந்து, இருவர் பெயரின் தொடக்க எழுத்துகளையும் சேர்த்து ‘லெகோ’ என்று பெயரிட்டார்கள். 1992இல் ஈடிசி நிறுவனத்தின் ‘சோர்ஸ் ஃபோர்’ வந்தது. டேவிட் கன்னிங்காம் வடிவமைத்தது. நான்கு இழைகள் கொண்ட 575 வாட் பல்பு, வெப்பத்தைப் பின்பக்கம் விட்டுவிட்டு ஒளியை மட்டும் முன்னால் அனுப்பும் கண்ணாடிப் பிரதிபலிப்பான். அதுவரை 1000 வாட் விளக்கு செய்த வேலையை இது செய்தது. இன்றைக்கு எல்இடி வந்துவிட்டாலும் கேட், ஷட்டர், லென்ஸ் என்ற அமைப்பு அப்படியேதான் இருக்கிறது.

பிம்பம் என்பதால் எல்லாம் தலைகீழ். மேல் ஷட்டரைத் தள்ளினால் ஒளியின் கீழ்ப்பகுதி வெட்டுப்படும். இடது ஷட்டரைத் தள்ளினால் வலது ஓரம். புதிதாக வரும் பையன்கள் முதல் நாள் முழுவதும் தவறான கைப்பிடியைத்தான் இழுப்பார்கள். ஏணியின் கீழிருந்து நான் ‘வலது’ என்றால் தரையில் தெரியும் வலதைச் சொல்கிறேன், எந்தத் தகடு என்பது மேலே இருப்பவர் பொறுப்பு என்று பேசிவைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். இல்லாவிட்டால் சண்டைதான் வரும்.

எச்சரிக்கை என்றேன் அல்லவா? முதல் காட்சியில் தரைக்கோட்டுக்கு ஒளியை வெட்டியபோது நான்கு விளக்குகளிலும் ஷட்டரைச் சாய்த்துத்தான் வைக்க வேண்டியிருந்தது. கோணலான விளக்கிலிருந்து நேர்க்கோடு போடுகிறோம், சாயத்தானே செய்யும் என்று கடந்துவிட்டேன். கேட்டில் தகடு அவ்வளவு சாய்ந்திருக்கிறது என்றால் அந்தரத்தில் சுவரும் சாய்ந்திருக்கிறது. விளக்கு கோட்டுக்கு நேரே தொங்கியிருந்தால் தகடு ஏறக்குறையச் செங்குத்தாக நின்றிருக்கும். சாய்ந்த தகட்டைக் கையில் பிடித்துக்கொண்டே நான் நேரான சுவரைத் தேடியிருக்கிறேன்.

இரண்டாம் காட்சிக்கு முன்குழாயின் நான்கு விளக்குகளையும் இறக்கினோம். இரண்டை மட்டும், மையக்கோட்டுக்கு நேர் மேலே, அருகருகே மாட்டினோம். ஒன்று அண்ணன் பாகத்துக்கு, ஒன்று தம்பி பாகத்துக்கு. இரண்டுக்கும் ஒளியை 36 பாகை கோணத்தில் விரிக்கும் லென்ஸ்: அங்கிருந்து மேடை நடுவில் நிற்பவரின் முகத்துக்கு 8.3 மீட்டர், 26 பாகை லென்ஸ் அந்தத் தூரத்தில் 3.8 மீட்டர் வட்டமே தரும், 36 பாகை 5.4 மீட்டர் தரும். பாகம் ஒவ்வொன்றும் 4 மீட்டர் அகலம். விளக்கைப் பாகத்தின் நடுவை நோக்கித் திருப்பி, கோட்டுப் பக்கத்தை மட்டும் ஷட்டரால் வெட்டினால் போதும். விளக்கு எந்தப் பக்கம் முகம் திருப்பியிருந்தாலும் வெட்டும் தளம் அதே கோட்டின் வழியாகத்தான் போகும். முன்குழாயிலிருந்து கழற்றிய மற்ற இரண்டையும் மேடையின் பின்குழாயில், அதே கோட்டுக்கு நேரே, பின்னொளியாக மாட்டினோம்.

பின்னொளி ஜோடி வேறொரு தலைவலியையும் தீர்த்தது. முன்குழாயிலிருந்து கோட்டின் முன்முனைக்கு 7.2 மீட்டர், பின்முனைக்கு 11.7 மீட்டர். லென்ஸ் குழலை முன்முனைக்குக் கூர்மையாக வைத்தால் பின்னால் கோடு மசமசக்கிறது. பின்முனைக்கு வைத்தால் முன்னால் ஓரத்தில் ஒரு நிறக்கரை தெரிகிறது, குழல் இருக்கும் இடத்தைப் பொறுத்து நீலமாகவோ செம்பழுப்பாகவோ. நடுவில் வைத்தால் எங்குமே திருப்தியில்லை. இப்போது முன் ஜோடியை முற்றத்தின் முன்பாதிக்கும் பின் ஜோடியைப் பின்பாதிக்கும் கூர்மையாக்கினோம். ஒன்றின் மங்கலை மற்றொன்றின் கூர்மை மறைத்துக்கொண்டது.

தரைக்குக் கரும்பழுப்புத் துணி விரித்தோம். அரங்கத்தாருக்கு அதில் சம்மதமில்லை, ஒட்டுநாடாவின் பசை மெருகைக் கெடுக்கும் என்றார்கள். ஓரங்களில் மணல் பைகளை வைத்துச் சமாளித்தோம்.

சுவர் இப்போது நிமிர்ந்து நின்றது. தம்பி கோட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றான். தலை முதல் கால் வரை இருட்டு. இயக்குநர் கைதட்டினார். ஆனால் அவருக்கு இன்னொன்று வேண்டியிருந்தது. இரண்டு பாகங்களும் சேர்ந்து எரியும் காட்சிகளில் கோடு காணாமல் போகக்கூடாது. இரண்டு ஒளிகளும் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு வருகிறது. அது விளையாட்டுத் திடலின் எல்லைக்கோடு மாதிரி இருக்கிறது என்று முகம் சுளித்தார். இரண்டையும் பின்வாங்கி, நான்கு விரற்கடை இருட்டை விட்டுப் பார்த்தோம். சட்டென்று அது சுவரானது. முன்பே யாராவது சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்: ஒளிச்சுவரைக் கட்டியது இருட்டுதான். விளக்குகளின் பின்புறத் திருகைத் திருப்பி, நடுவில் குவிந்து கிடந்த வெளிச்சத்தை ஓரம்வரை சமமாகப் பரப்பியதும் அந்த இருட்டுப் பட்டை ஒரே சீராகத் தெரிந்தது. விளக்குக்கு முன்னால் மாட்டும் வண்ணத்தாளான ஜெல், அண்ணன் பக்கம் வைக்கோல் நிற லீ 103, தம்பி பக்கம் இளநீல லீ 202.

அப்போது தாய் வேடமிட்ட நடிகை அந்தப் பட்டையின் மேலேயே பின்னாலிருந்து நடந்து வந்தார். முகம் முழுக்க இருட்டு. தோள்கள் இரண்டும் எரிகின்றன, முகம் இல்லை.

மீண்டும் கணக்கு. இரண்டு விளக்குகளும் மையத்திலிருந்து ஆளுக்கு 15 சென்டிமீட்டர் தள்ளித் தொங்கின, அவரவர் பக்கமாக. ஆகவே இரண்டு தளங்களும் மேலே போகப் போகத் தத்தம் பக்கம் விலகிக்கொண்டே போயின. தரையில் 7 சென்டிமீட்டர் இருட்டு, 1.5 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 13 சென்டிமீட்டர்: அந்த அம்மாளின் முகம் அப்படியே அடங்கிவிடும் அகலம். சற்று நேரம் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உதவியாளனிடம் இரண்டு விளக்குகளையும் இடம் மாற்றச் சொன்னேன்: அண்ணன் விளக்கு தம்பி பக்கம், தம்பி விளக்கு அண்ணன் பக்கம். முதல் காட்சியைக் கெடுத்த அதே வேலி தாண்டும் குணத்தை, 3 மீட்டருக்குப் பதில் 15 சென்டிமீட்டர் அளவுக்குப் பயன்படுத்திக்கொள்வதுதான் யோசனை. இப்போது தளங்கள் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கின. தரையில் அதே நான்கு விரற்கடை இருட்டு, 1.1 மீட்டர் உயரத்தில், இடுப்புக்குச் சற்று மேலே, மூடிக்கொண்டது. முகத்தில் இரண்டு ஒளிகளும் மூக்குத்தண்டின் அகலத்துக்குத் தொட்டுக்கொண்டன. வலக்கன்னம் வைக்கோல் நிறம், இடக்கன்னம் நீலம். மாற்றி மாட்ட இருபது நிமிடம், திரும்ப வெட்ட அரைமணி நேரம். மதியச் சாப்பாடு ஆறிப்போனது.

இதற்கு ஒரு விலை உண்டு. நேர் முன்னாலிருந்து வரும் ஒளி முகத்தைத் தோசைக்கல் ஆக்கிவிடும். அதற்காக, மேடையின் இரு பக்கத்து மறைவிடங்களான விங்ஸ் இரண்டிலும் 4 மீட்டர் உயரத்தில் பக்கத்துக்கு ஒரு புரொஃபைல் வைத்தேன். அண்ணனுக்கு அண்ணன் பக்கத்திலிருந்து மட்டும், தம்பிக்குத் தம்பி பக்கத்திலிருந்து மட்டும். தரையில் கோட்டுக்கு வெட்டினால் அவை வேலி தாண்டாது, பட்டினிதான் போடும்: கோட்டுக்கு 2 மீட்டர் முன்பே முகத்தில் பக்க ஒளி தீர்ந்துவிடுகிறது. இதை மறைக்காமல் இயக்குநரிடம் சொன்னேன். அவர் நடிகர்களைக் கோட்டை நோக்கி நடக்கவிட்டுப் பார்த்தார். நெருங்க நெருங்க முகத்தின் மேடுபள்ளம் அழிந்து, சுவர் ஓரத்தில் ஒட்டிய சுவரொட்டி போல ஆகிறது. அப்படியே இருக்கட்டும் என்றார். அவர் ஒப்புக்கொண்டதால் அது குறையில்லை என்று நான் சொல்ல மாட்டேன். தம்பியாக நடித்தவர் நல்ல நடிகர். கோட்டருகே அவர் கண்ணில் செய்த சின்ன வேலைகள் பத்தாவது வரிசைக்குப் போய்ச் சேரவில்லை.

ஏழாவது விளக்கு வேப்பமர நிழலுக்கு. கடையில் விற்கும் எஃகு கோபோவுக்குப் பணமில்லை. சாப்பாட்டுக் கடையில் கட்டிக் கொடுக்கும் அலுமினியத் தட்டின் அடியை வெட்டி, கத்தியால் இலைகளைக் கீறி, தலைகீழாகச் செருகினோம். கேட்டின் வெப்பத்தில் அது ஒரு மாலைக்குத் தாங்கியது. நிழலைக் கூர்மையாக்காமல் லென்ஸ் குழலைச் சற்று வெளியே இழுத்து விட்டோம். கூர்மையான இலை அச்சடித்தது போல இருக்கும், மங்கலான இலைதான் அசைவது போல ஏமாற்றும். எட்டாவதைக் கிணற்றடிக்கு வைத்தோம்.

இரண்டாம் காட்சி முழுவதும் சரியாகப் போனது என்று சொல்வதற்கில்லை. இடைவேளைக்குப் பிறகு அண்ணன் விளக்கின் ஷட்டர், சூட்டிலோ அதிர்விலோ, ஒரு விரல் அளவு நழுவியது. இருட்டுப் பட்டை பின்முனையில் குறுகிப்போனது. ஏணி வைக்க வழியில்லை. கடைசிக் காட்சி வரை என் கண் அதைவிட்டு அகலவில்லை. மற்றவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

கடைசிக் காட்சியில் தாய் அந்தப் பட்டையில் நடந்து முன்விளிம்புக்கு வந்து நிற்கிறாள். பின்னால் அண்ணன் தன் கதவைச் சாத்துகிறான். அண்ணன் பாகத்து வெளிச்சம் மெல்ல அடங்குகிறது. வெள்ளைப் புடவையின் வலப்பாதியும் வலக்கன்னமும் அதனோடு போகின்றன. மிச்சம் பாதிப் பெண் நீலத்தில் நிற்கிறாள். அந்த இடத்துக்கு நான் எழுதிய குறிப்பு எட்டு நொடி. ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரில் உட்கார்ந்திருந்த பையன் அன்று பன்னிரண்டு எடுத்துக்கொண்டான். அடுத்த ஊருக்கான பட்டியலில் பன்னிரண்டு என்று திருத்தியிருக்கிறேன்.